கல்லாப்பெட்டியும் கோட்டையும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகர், "தொழிலதிபர்கள் எம்.எல்.ஏ. ஆவது நாட்டுக்கு நல்லதா?" என்று கேட்டிருந்தார். நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அது போதாது என்று பலரும் எழுதிவிட்டார்கள், சிலர் கோபமாகவே. அவர்கள் சொல்வது சரிதான், நான்கு வரியில் முடிகிற விஷயம் இல்லை இது. அதனால் இந்த இதழில் முழுப் பகுதியும் அதற்கே.

என் பிள்ளைகளுக்கு எச். வசந்தகுமாரைக் கடை விளம்பரத்தில் வந்தவராகத்தான் தெரியும். அரசியலில் அவர் எப்படி? வியாபாரத்தில் சம்பாதித்த பெயர்தான் அவரை ஜெயிக்க வைத்ததா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பெயர் உதவியது, அதில் சந்தேகமே வேண்டாம். அகஸ்தீஸ்வரத்தில் பிறந்து, சென்னைக்கு வந்து வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக வேலை பார்த்து, 1978-ல் வசந்த் அண்டு கோ-வைத் தொடங்கியவர். டி.வி.யையும் ஃபிரிட்ஜையும் தவணையில் வாங்கிய குடும்பங்களுக்கு அவர் முகத்தைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அண்ணன் குமரி அனந்தன் காங்கிரஸில் மூத்த தலைவர், ஆகவே கட்சிக்குள் போகிற வழியும் வீட்டிலேயே இருந்தது.

ஆனால் தேர்தல் வரலாற்றைக் கொஞ்சம் வரிசையாகப் பாருங்கள். 2006-ல் நாங்குநேரியில் ஜெயித்தார். 2011-ல் அதே நாங்குநேரியில் தோற்றார். 2014-ல் காங்கிரஸ் தமிழ்நாட்டில் தனியாக நின்றபோது கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் இறங்கி, பொன். ராதாகிருஷ்ணனிடம் தோற்று இரண்டாம் இடம் பிடித்தார். 2016-ல் மறுபடியும் நாங்குநேரியில் வெற்றி. 2019-ல் கன்னியாகுமரியில் அதே பொன். ராதாகிருஷ்ணனைத் தோற்கடித்து எம்.பி. ஆனார். ஐந்து தேர்தலிலும் நின்றவர் ஒரே ஆள்தான், கடையும் விளம்பரமும் பணமும் குறைந்துவிடவில்லை, ஆனாலும் இரண்டு தடவை மக்கள் வேண்டாம் என்றார்கள். கூட்டணி எப்படி அமைந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதை எந்தக் கடைப் பெயராலும் மாற்ற முடியவில்லை. அவரிடம் நான் மதிப்பது, தோற்ற பிறகு கடைக்கே திரும்பிப் போய் உட்கார்ந்துவிடாமல் அதே ஊர்களுக்கு மறுபடி போனாரே, அதைத்தான். ஒரு தேர்தலில் தோற்றதும் காணாமல் போன பணக்கார வேட்பாளர்கள் எத்தனை பேர் என்று உங்கள் மாவட்டத்திலேயே எண்ணிப் பார்க்கலாம்.

சட்டமன்றத்தில் அவர் அமைச்சராக இருந்ததில்லை. 2006-ல் 96 இடங்களோடு தி.மு.க. சிறுபான்மை அரசு அமைத்தது, 34 இடங்கள் வைத்திருந்த காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தது, அதில் அவர் ஓர் உறுப்பினர். 2016-ல் காங்கிரஸுக்குக் கிடைத்ததே 8 இடம், அதுவும் எதிர்க்கட்சி வரிசையில். அதிகாரம் கையில் இல்லாத எம்.எல்.ஏ.வாகத்தான் அவருடைய இரண்டு பதவிக்காலமும் போனது.

எனக்கு ஒரு வருத்தமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2019-ல் அவர் எம்.பி. ஆனதும் நாங்குநேரி இடம் காலியானது. ஒருவர் இரண்டு சபையிலும் உட்கார முடியாது, 14 நாளுக்குள் சட்டமன்றப் பதவியை விடாவிட்டால் நாடாளுமன்ற இடம் போய்விடும், ஆகவே சட்டப்படி அவர் செய்தது சரி. ஆனால் ஐந்து வருஷத்துக்கு என்று நாங்குநேரி மக்கள் போட்ட ஓட்டு மூன்று வருஷத்தில் முடிந்து, அந்த அக்டோபரில் இடைத்தேர்தலுக்கு மறுபடி வரிசையில் நின்றார்கள். எல்லாக் கட்சியும் செய்வதுதான் இது, இருந்தாலும் தொகுதிக்கு இது அநியாயம் என்று நினைக்கிறேன்.

2020 ஆகஸ்ட் 28 அன்று, கோவிட் தொற்றுக்குச் சிகிச்சையில் இருந்தபோது காலமானார். சொத்தை மறைக்காமல் எழுதிக் கொடுத்தவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: 2016-ல் சுமார் 337 கோடி ரூபாய், 2019-ல் சுமார் 417 கோடி. அந்த எண்களை நாம் தெரிந்துகொண்டதே வேட்பு மனுவோடு அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரமாண பத்திரத்திலிருந்துதான்.

எங்கள் ஊர் நா. மகாலிங்கம் ஐயாவை விட்டுவிட்டு இந்த விஷயத்தை எழுதவே கூடாது. என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

விடவில்லை. அப்பா நாச்சிமுத்து கவுண்டர் தொடங்கிய ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்டில் தொழில் பழகி, 1952-லிருந்து 1967 வரை மூன்று முறை பொள்ளாச்சியின் காங்கிரஸ் எம்.எல்.ஏ.வாக இருந்தவர். சக்தி சுகர்ஸ் 1961-ல் தொடங்கியது, அதாவது அவர் சட்டமன்றத்தில் இருந்த காலத்திலேயே. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்துக்காகப் பேசியவர்களில் அவர் முக்கியமானவர் என்பதை உங்கள் பக்கத்து விவசாயிகள் இன்றைக்கும் சொல்வார்கள்.

இங்கே ஒரு நுணுக்கமான விஷயம் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் கரும்பு விளையும், கரும்பு விளைந்தால் ஆலை ஓடும், ஊரும் பிழைக்கும், ஆலைக்காரரும் பிழைப்பார். தொழிலதிபர் ஒருவர் எம்.எல்.ஏ. ஆகும்போது ஊர் நலனும் அவர் நலனும் இப்படி ஒரே வாய்க்காலில் ஓடுவது அடிக்கடி நடக்கும். அது தப்பு இல்லை. தண்ணீர் எல்லோர் வயலுக்கும் போகிறதா, ஒருவர் வயலோடு நின்றுவிடுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீர் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் யார் யாருக்கோ பாய்கிறது, ஆகவே அந்தச் சோதனையில் அவர் தேறிவிட்டார் என்பது என் கருத்து.

காந்தியையும் வள்ளலாரையும் கடைசி வரை கொண்டாடியவர், ஒவ்வொரு வருஷமும் சென்னையில் விழா எடுத்தவர். 2014 அக்டோபர் 2 அன்று அந்த விழாவிலேயே உயிர் பிரிந்தது.

நான் நெடுஞ்சாலைத் துறையில் பதிவு பெற்ற காண்டிராக்டர். கட்சியில் சீட் தருவதாகச் சொல்கிறார்கள். கையில் இரண்டு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. நிற்கலாமா?
– ஒரு வாசகர், நாமக்கல்

அவசரப்பட வேண்டாம், இதை நிதானமாகப் படியுங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ல் 9ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, 1966-ல் சேர்த்தது. உங்கள் தொழில் முறையில், அரசுக்குப் பொருள் சப்ளை செய்யவோ அரசு எடுத்திருக்கிற வேலையைச் செய்து கொடுக்கவோ அரசோடு ஒப்பந்தம் போட்டு, அது நடப்பில் இருந்தால், நடப்பில் இருக்கும்வரை நீங்கள் நிற்கத் தகுதியில்லை. ஜெயித்த பிறகு அப்படி ஒப்பந்தம் எடுத்தாலும் பதவி போகும்.

இதில் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த அரசு என்பது முதலாவது. சட்டமன்றத்துக்கு நிற்பவருக்கு மாநில அரசு ஒப்பந்தம் தடை, நாடாளுமன்றத்துக்கு நிற்பவருக்கு மத்திய அரசு ஒப்பந்தம் தடை. ஆகவே மாநில நெடுஞ்சாலைத் துறை வேலை கையில் இருந்தால் நீங்கள் சட்டமன்றத்துக்கு நிற்க முடியாது. அடுத்தது, வேலையை நீங்கள் முழுசாக முடித்துக் கொடுத்துவிட்டு, பில் மட்டும் பாஸ் ஆகாமல் இருந்தால், அந்த ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாகக் கணக்கில் வராது. சட்டத்திலேயே அதற்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள், அரசு பணம் தராமல் இழுத்தடிப்பதற்கு நீங்கள் பொறுப்பாக முடியாது இல்லையா. மூன்றாவது விஷயத்தில்தான் பலர் மாட்டுவது: ‘முடிந்துவிட்டது’ என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள். தார் போட்டாயிற்று, ஆனால் பராமரிப்புக் காலம் ஓடுகிறது, டெபாசிட் தொகை இன்னும் துறையிடம் இருக்கிறது, இப்படிப்பட்ட வேலையை முடிந்த கணக்கில் சேர்க்கலாமா என்பதை உங்கள் ஒப்பந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தேர்தல் வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். மனு பரிசீலனை நாளில் எதிராளியின் ஏஜென்ட் அந்தப் பத்திரத்தின் நகலோடு வந்து நிற்பார்.

இன்னும் ஒன்று. வேலையை இன்னொருவர் பெயருக்கு மாற்றிவிட்டு நிற்கலாம் என்று யாராவது உங்களுக்கு யோசனை சொல்லியிருப்பார்கள். துறை எழுத்துமூலம் ஏற்றுக்கொள்ளாத மாற்றத்தை நம்பி மனு போடாதீர்கள். ஏற்றுக்கொண்டாலும், அந்த இன்னொருவர் உங்கள் ஆள்தான் என்றால், சட்டம் விட்டாலும் உங்கள் ஊர் விடாது.

சரி, காண்டிராக்ட் வேட்பாளர் பெயரில் இல்லை, மனைவி பெயரிலோ மகன் கம்பெனி பெயரிலோ இருக்கிறது. அப்போது?
– ஒரு வாசகி, மதுரை

அப்போது 9ஏ பெரும்பாலும் அவரைத் தொடாது. அவரே பங்குதாரராக இருக்கிற பார்ட்னர்ஷிப் ஒப்பந்தம் எடுத்திருந்தால் மாட்டுவார், ஏனென்றால் பார்ட்னர்ஷிப்புக்கு அவரை விட்டுத் தனி உடம்பு கிடையாது. அதுவே பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் சட்டத்தின் கண்ணில் கம்பெனி வேறு, அதில் பங்கு வைத்திருப்பவர் வேறு. மனைவியும் மகனும் தனித்தனி ஆட்கள்.

இந்தச் சட்டத்தில் எனக்கு இருக்கிற பெரிய குறை இதுதான், பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொந்தப் பெயரில் வாய்க்கால் மேல் ஒரு சின்னப் பாலம் கட்டுகிற சிறிய காண்டிராக்டர் நிற்க முடியாது, நூறு கோடி ரூபாய் வேலை எடுக்கிற கம்பெனியில் பெரும்பங்கு வைத்திருப்பவர் தாராளமாக நிற்கலாம். எந்தக் காரணத்துக்காக அந்தத் தடை வந்ததோ, அதாவது அரசிடம் பணம் வாங்குகிறவர் அரசைக் கேள்வி கேட்க மாட்டார் என்ற பயம், அது இரண்டாமவருக்குத்தானே அதிகம் பொருந்தும்?

ஒரே ஆறுதல், இதை இப்போது மறைக்க முடியாது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் லோக் பிரகரி என்ற அமைப்பு போட்ட வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு, வேட்பாளர், அவருடைய துணை, அவரை நம்பி இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும், அவர்களுக்கோ அவர்களுக்குப் பங்கு இருக்கிற நிறுவனங்களுக்கோ அரசோடு ஒப்பந்தம் உண்டா என்பதையும் பிரமாண பத்திரத்தில் எழுத வேண்டும். தகுதி நீக்கம் ஆகாது, ஆனால் ஊருக்குத் தெரியும். சம்பாதிக்கிற மகன் தனிக் குடும்பமாக இருந்தால் ‘நம்பி இருப்பவர்’ கணக்கில் வர மாட்டார் என்பதையும் கவனியுங்கள், அந்த இடத்தில்தான் பல விஷயங்கள் நழுவிப் போகின்றன.

அந்தப் பிரமாண பத்திரத்தைப் பார்த்தேன். இருபது முப்பது பக்கம், தலை சுற்றுகிறது. எதைப் படிப்பது?
– ஒரு கல்லூரி மாணவர், திருச்சி

தேடிப் பிடித்துப் படித்ததற்கே சந்தோஷம் தம்பி. படிவம் 26 என்பது அதன் பெயர். நோட்டரி முத்திரையோ மாஜிஸ்திரேட் முத்திரையோ குத்தி, ஒவ்வொரு பக்கத்திலும் வேட்பாளர் கையெழுத்து இருக்கும். மொத்தச் சொத்து எவ்வளவு என்று கடைசி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு எல்லோரும் மூடிவிடுகிறார்கள், செய்தியிலும் அதுதான் வரும். நான் அந்த எண்ணுக்குக் கடைசியில்தான் போவேன்.

முதலில் ஐந்து வருஷ வருமான வரிக் கணக்கு. வேட்பாளருக்கு ஒரு வரிசை, துணைக்கு ஒரு வரிசை. அவருடைய வருமானம் வருஷா வருஷம் குறைந்து, தொழிலே செய்யாத துணையின் வருமானம் ஏறுகிறதா என்று பாருங்கள். அடுத்து நிலம். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் வாங்கிய தேதி, அன்றைய விலை, இன்றைய மதிப்பு மூன்றும் இருக்கும், பூர்விகமா தானே வாங்கியதா என்பதும் இருக்கும். ஏற்கெனவே எம்.எல்.ஏ.வாக இருந்தவர் என்றால், பதவியில் இருந்த ஐந்து வருஷத்தில் வாங்கிய நிலங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், அவை எந்தச் சாலை ஓரம், எந்தப் புது பஸ் நிலையத்தின் பக்கம் என்பது உங்கள் ஊர்க்காரர்களுக்கு வரைபடம் இல்லாமலே தெரியும். அப்புறம் கடன். தொழில் செய்பவருக்குக் கடன் இருப்பது இயல்பு, வங்கிக் கடன் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. முன்பின் தெரியாத கம்பெனிகளிடமிருந்து பெரிய தொகை கைமாற்றாக வந்திருந்தால் அந்தக் கம்பெனிப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எந்த டெண்டரிலாவது அந்தப் பெயர் வருகிறதா பார்க்கலாம். கடைசியாக, நான் மேலே சொன்ன ஒப்பந்த விவரம்.

எதையும் காலியாக விடக் கூடாது, ‘இல்லை’ என்றாவது எழுத வேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொய்யாக எழுதினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்தத் தண்டனை போதாது என்பது என் எண்ணம்.

ஒரே வேட்பாளரின் இரண்டு தேர்தல் பத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். அவரைப் பற்றி எந்த மேடைப் பேச்சும் சொல்லாததை அது சொல்லும்.

ஹேமந்த் சோரன் சுரங்கக் குத்தகை விவகாரம் என்ன ஆயிற்று? அவருக்கு 9ஏ பொருந்தவில்லையா?
– ஒரு வாசகர், சேலம்

ஜார்க்கண்ட் முதல்வராக, சுரங்கத் துறையையும் தானே வைத்திருந்தபோது, ராஞ்சி மாவட்டம் அங்காராவில் 0.88 ஏக்கர் கல்குவாரிக் குத்தகை அவர் பெயரில் இருந்தது என்பது புகார். 2022-ல் புகார் கிளம்பியது, அவர் குத்தகையைத் திருப்பிக் கொடுத்தார். தகுதி நீக்கக் கேள்வியில் ஆளுநர்தான் முடிவெடுக்க வேண்டும், தேர்தல் ஆணையத்தின் கருத்துப்படி. ஆணையம் 2022 ஆகஸ்டில் கருத்தை அனுப்பியது, ஆனால் அதில் என்ன இருந்தது என்று ராஜ்பவன் வெளியிடவே இல்லை. மாதக்கணக்கில் ஒரு மாநில அரசு அந்த மூடிய உறையைப் பார்த்துக்கொண்டு நடந்தது. எந்தக் கட்சி முதல்வராக இருந்தாலும் இப்படி நடக்கக் கூடாது. தகுதி போனதென்றால் போனதென்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் இல்லையென்று சொல்ல வேண்டும்.

சட்டத்தைக் கேட்டால், 2001-ல் அரியானா எம்.எல்.ஏ. கர்தார் சிங் பதானா வழக்கில், சுரங்கக் குத்தகை என்பது அரசுக்குப் பொருள் சப்ளை செய்வதும் ஆகாது, அரசு வேலையைச் செய்வதும் ஆகாது, ஆகவே 9ஏ-க்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மலையையும் மணலையும் குத்தகைக்கு எடுப்பவர் நிற்கலாம், பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு செய்து கொடுப்பவர் நிற்கக் கூடாது. இது திருத்த வேண்டிய சட்டம்.

எம்.எல்.ஏ. சரி, அமைச்சர் ஆனால் கடையைப் பூட்டிவிட வேண்டுமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பூட்ட வேண்டாம், கல்லாவிலிருந்து எழுந்துவிட வேண்டும். அமைச்சர்களுக்கு நடத்தை விதி இருக்கிறது: சொத்தையும் தொழில் தொடர்பையும் முதல்வரிடம் தெரிவிக்க வேண்டும், தொழில் நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும், பதவியில் இருக்கும்போது அரசிடமிருந்து அசையாச் சொத்து வாங்கவோ அரசுக்கு விற்கவோ கூடாது.

இந்த விதிக்கு எவ்வளவு பலம் என்று தெரிய டான்சி வழக்கைப் பார்க்க வேண்டும். ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது, அவர் பங்குதாரராக இருந்த நிறுவனங்கள் அரசு நிறுவனமான டான்சியின் கிண்டி நிலத்தை வாங்கின. 2000 அக்டோபரில் கீழ்நீதிமன்றத்தில் தண்டனை, 2001 தேர்தலில் வேட்பு மனுக்கள் தள்ளுபடி, ஆனாலும் முதல்வர் ஆனார், அந்த நியமனம் செல்லாது என்று 2001 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது, 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை உறுதி செய்தது. உறுதி செய்த அதே தீர்ப்பில், நடத்தை விதியைச் சட்டம்போல அமல்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டு, மனசாட்சிப்படி அந்த நிலத்தைத் திருப்பிக் கொடுப்பது பற்றியும் நீதிபதிகள் பேசினார்கள். குற்றம் வேறு, முறை வேறு என்று நீதிமன்றமே பிரித்துக் காட்டிய இடம் அது. முறை தவறினால் என்ன செய்வது என்பதற்கு இன்றைக்கும் சட்டத்தில் விடை இல்லை.

எம்.எல்.ஏ. சம்பளம் வாங்க மாட்டேன் என்று சொல்லும் தொழிலதிபருக்கு ஓட்டுப் போடலாமா?
– ஒரு வாசகி, வேலூர்

அதற்காக மட்டும் போடாதீர்கள். தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ. சம்பளம் 2017-லிருந்து படிகளோடு சேர்த்து மாதம் 1.05 லட்சம் ரூபாய். அது அவருக்குத் தர்மம் இல்லை, வேலைக்குக் கூலி. கூலி வாங்கினால்தான் ஏன் சபைக்கு வரவில்லை என்று உரிமையோடு கேட்க முடியும்.

நீங்கள் கேட்க வேண்டிய பணம் வேறு. சட்டமன்ற வேட்பாளர் செலவு வரம்பு 2021 தேர்தலில் 30.8 லட்சமாக இருந்தது, 2022 ஜனவரியில் 40 லட்சம் ஆக்கினார்கள். கட்சி செய்கிற செலவுக்கு வரம்பே கிடையாது. உண்மையில் ஒரு தொகுதியில் எவ்வளவு இறைபடுகிறது என்று தெருவில் நின்று பார்த்த யாருக்கும் தெரியும். கட்சிகள் தொழிலதிபர்களைத் தேடிப் போவதற்கு அவர்களுடைய நிர்வாகத் திறமையைவிடப் பெரிய காரணம் இந்தச் செலவுதான். தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிற வேட்பாளர் கிடைத்தால் கட்சிக்கு ஒரு பாரம் குறைகிறது, இருபது வருஷம் கொடி கட்டின தொண்டருக்குக் கிடைக்க வேண்டிய சீட் கைவிட்டுப் போகிறது. எனக்கு இதில் மனசு ஆறவே இல்லை.

தொகுதி மேம்பாட்டு நிதியை எம்.எல்.ஏ. தன் கம்பெனி மூலமே செலவு செய்யலாமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

கூடாது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், ஆனால் அது அவர் கைக்கு வருவதில்லை. வேலையை அவர் பரிந்துரைப்பார், கலெக்டர் வழியாக நிர்வாக அனுமதியும் டெண்டரும் நடக்கும்.

திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் நடத்துகிறேன், அறுபது பேர் வேலை செய்கிறார்கள். ஒரு கட்சியில் அடுத்த தேர்தலுக்கு என்னை யோசிப்பதாகச் சொன்னார்கள். தொழில் நடத்தின அனுபவம் சட்டமன்றத்தில் உதவுமா அக்கா? பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, திருப்பூர்

உதவும் தங்கச்சி, ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. யூனிட்டில் நீங்கள் சொன்னால் மெஷின் ஓடும், நிறுத்தச் சொன்னால் நிற்கும். எம்.எல்.ஏ.வுக்கு அப்படி ஒரு மெஷினும் கிடையாது. தாசில்தாரும் இன்ஜினீயரும் உங்கள் ஆட்கள் இல்லை, அவர்கள் அவரவர் துறைக்குக் கட்டுப்பட்டவர்கள். நீங்கள் கேட்கலாம், எழுதலாம், திரும்பத் திரும்பப் போன் செய்யலாம், சபையில் கேள்வி போடலாம். முதலாளியாக இருந்து பழகியவர்களுக்கு முதல் வருஷம் இதுதான் ரொம்பக் கஷ்டம், பலர் வெறுத்துப்போய் தொகுதிக்கு வருவதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

உதவுகிற இடம் எது என்றால், கணக்கு. அரசுக் கணக்கைத் தணிக்கை செய்கிற சி.ஏ.ஜி.யின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வருகிறது, எம்.எல்.ஏ.க்கள் உட்காருகிற பொதுக் கணக்குக் குழு அதை எடுத்துத் துறைச் செயலாளர்களைக் கூப்பிட்டு விசாரிக்கிறது. அங்கே உட்கார்ந்து, இந்த மோட்டாருக்கு ஏன் இந்த விலை, இந்த வேலைக்கு ஏன் ஒரே ஒருவர் டெண்டர் போட்டிருக்கிறார், முன்பணம் கொடுத்து மூன்று வருஷமாகியும் சரக்கு ஏன் வரவில்லை என்று கேட்க, கொள்முதல் செய்து பழகிய ஆள் வேண்டும். நூல் விலை ஏறும்போது ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தவருக்கு இந்தக் கேள்விகள் தானாக வரும். மேடையில் கைதட்டு கிடைக்காத வேலை, ஆனால் அரசுப் பணம் மிச்சமாவது அங்கேதான்.

இன்னொன்றை நான் நேரில் பார்த்தேன். மளிகை மொத்த வியாபாரம் செய்து எம்.எல்.ஏ. ஆன ஒருவரின் அலுவலகத்தில் ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கே திண்ணை நிறைந்துவிட்டது. மஞ்சள் பையில் நாலாய் மடித்த மனுவோடு ஒரு பாட்டி, முதியோர் உதவித்தொகை நின்றுபோய் ஏழு மாதமாம், மூன்று தடவை அலைய விட்டிருக்கிறார்கள். அவர் ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. கடையில் பாக்கி எழுதுகிற அதே நீளமான சிவப்பு அட்டை நோட்டை எடுத்தார், தேதி, பெயர், ஊர், என்ன குறை, எந்த அலுவலகம் என்று கோடு போட்ட கட்டங்களில் எழுதினார், கடைசிக் கட்டத்தில் பத்து நாள் தள்ளி ஒரு தேதி போட்டார். அந்தத் தேதி வந்தால் உதவியாளர் அந்தப் பக்கத்தைத் திறந்து அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும், முடிந்திருந்தால் அடித்துவிட வேண்டும், முடியாவிட்டால் அடுத்த தேதி. பழைய பக்கங்களைப் புரட்டினேன், ஒரே பெயருக்கு நேரே நாலைந்து தேதிகள், கடைசியில் ஒரு குறுக்குக் கோடு. வராத பாக்கியை விடாமல் கேட்டு வாங்கிப் பழகினவர் அவர். மூன்று மணி நேரத்தில் நாற்பது பேரைப் பார்த்தார், நடுவில் டீ கூடக் குடிக்கவில்லை.

இது உங்களால் முடியும் என்று நம்புகிறேன். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று 2023-ல் அரசியலமைப்புத் திருத்தம் வந்திருக்கிறது, ஆனால் தொகுதி மறுவரையறையோடு அதை முடிச்சுப் போட்டுவிட்டார்கள், அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

போவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இரண்டு. பள்ளிச் சீருடை, இலவச வேட்டி சேலை என்று மாநில அரசுக்கு நேரடியாக ஏதாவது சப்ளை ஆர்டர் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள், இருந்தால் மனு போடுவதற்குள் முழுசாக முடித்து, முடிந்தது என்று எழுத்துமூலம் வாங்கிவிடுங்கள். யூனிட்டில் செக்கில் கையெழுத்துப் போடுவது யார், அறுபது பேருக்குச் சனிக்கிழமைச் சம்பளம் கொடுப்பது யார் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். பிரசாரம் ஆரம்பித்த பிறகு அதை யோசிக்க உங்களுக்கு நேரமே இருக்காது. சீட் உறுதியானதும் எழுதுங்கள், பிரமாண பத்திரத்தை உட்கார்ந்து நிரப்புவது பற்றித் தனியாகச் சொல்கிறேன்.